புல் என்று குறித்த ஏழு துண்டுகள்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் ஓடைச் சரிவில் புல் வளர்வதில்லை. அங்கே வளர்வது லீக்ஸ், உருளைக்கிழங்கு, கரட், காலம் ஒத்து வந்தால் கொஞ்சம் கோவா என்கிற முட்டைக்கோஸ். ஏழு துண்டு நிலம், ஏழு குடும்பம். அதில் ஒரு துண்டு என் அண்ணனுடையது, இன்னொன்று என்னுடையது. ஆனாலும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவைச் சுற்றி நடந்து முடித்ததும், திரையில் ‘இங்கே என்ன பயிர்?’ என்ற கேள்வி வந்தபோது நான் அமுக்கியது ‘புல்’. ஒரே சுற்றில் ஏழு துண்டையும் சேர்த்து ஒரே புல்லாக்கிவிட்டேன். தெரிந்தேதான் அமுக்கினேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம். தோட்ட வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து பல வருஷம், தேயிலை மலையில் களைக்கு மருந்தடிக்கும் ஆட்களோடு போனேன். முதுகில் டேங்க், கையில் குழாய். பிறகு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. தோட்ட வேலையை விட்டு, வெளியே மரக்கறி நிலங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்தது. எந்த மலையில் என்ன பயிர், அதற்கு என்ன மருந்து அடிக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது, இதையெல்லாம் ஒரே வரைபடத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். வானத்திலிருந்து எடுத்த படம் அவர்களிடம் இருந்தது. ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊரில் எல்லாமே பச்சை. அந்தப் பச்சைக்குள் நடந்து போய், இது தேயிலை, இது கிழங்கு என்று சொல்ல ஊர் ஆட்கள் வேண்டும். கேட்டவுடன் நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர் ஹட்டன் பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே ஆராய்ச்சி செய்பவர். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். அவர் என்னை அண்ணா என்பார்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. “இந்த உருளைக்கிழங்குத் துண்டோட ஓரமா ஒரு சுத்து நடந்து வாங்க அண்ணா. நீங்க நடக்குற வழிய போன் கோடா போட்டுக்கும்” என்றார் மிஸ். நான் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். அரை மணி நேரம் நடந்தேன். வந்து காட்டினால், திரையில் சீப்பு மாதிரி ஒரு படம். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், பாத்திக்குப் பாத்தி கோடு.

“என்னண்ணா இது?” என்றார் மிஸ்.

“நிலம் முழுக்கப் பாத்துட்டேன் மிஸ். ஒரு நிரை விடல.”

அவருக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. எனக்குப் பிறகுதான் உறைத்தது. டேங்க் சுமந்தவன் கால் நிலத்தில் இறங்கினால் நிரை பிடித்துத்தான் போகும். ஓரமாக மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வா என்று அந்தக் கால்களுக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த இன்னும் இரண்டு ஆண்களும் அதே சீப்பைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். உடப்புசல்லாவைப் பக்கமிருந்து வந்த ஒருவர் மட்டும் சரியாகச் சுற்றியிருந்தார். அவர் மாடு மேய்த்தவர்.

அதைப் பழகிய பிறகு என் கை ஓங்கிவிட்டது. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண் தேறுவதற்காக ஆள் உயரப் புல் நடுவார்கள். வானத்துப் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் அதைச் சோளம் என்று சொல்லியிருந்தது. எங்கள் மலையில் சோளமா! கிழங்கு கிண்டியெடுத்து வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தை மைதானம் என்றும், நைலான் கூரை போட்ட ஒரு மிளகாய் நாற்றுமேடையைக் கட்டடம் என்றும் போட்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இப்போது கரட் இருக்கிற இடத்தில் போன போகம் என்ன இருந்தது, அடுத்து என்ன போடுவார்கள், எந்தப் பயிருக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை மருந்து போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மிஸ் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வருவார். படித்தவர் எழுத, நான் சொல்லிக்கொண்டு போவது எனக்குப் புதிதாகவும் நன்றாகவும் இருந்தது.

கவலை மட்டும் அதன் பாட்டுக்கு இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலையைப் போனிலிருந்து அனுப்பியதும் மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்து, வந்ததா என்று கேட்பேன். வந்தது என்பார். பத்து நிமிஷம் கழித்து, முழுசாக வந்ததா என்று கேட்பேன். என் மனைவிக்கு இது தினமும் வேடிக்கை. “கதவப் பூட்டிட்டமான்னு மூணு வாட்டி திரும்பி வந்து இழுத்துப் பாக்குற ஆளு. அந்தப் புள்ள பாவம், போன அணைச்சுட்டுத்தான் சோறு திங்கணும்” என்பாள்.

எங்கள் லயத்தின் முறை வந்த நாளில், எல்லாவற்றையும் சரியாகக் குறித்த நான் அந்தச் சரிவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

அது தோட்டத்து நிலம். தேயிலை பட்டுப்போய்ப் புதர் மண்டிக் கிடந்த ஓடைக்கரையை எங்கள் ஆட்கள் வெட்டித் துப்புரவாக்கி மரக்கறி போட்டார்கள். யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பார்த்தும் பாராதது போலப் போவார். தோட்டத்தை நடத்தும் துரைமார் மாறி மாறி வருவார்கள், யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கும்வரை அது எங்களுடையது. அதை ஒரு போனில் கோடு போட்டு, பயிர் பெயர் எழுதி, எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், நாளைக்கு அது யார் மேசையில் போய் இறங்கும்? ஜீப் வந்து நிற்பதும், நாலு பேர் இறங்கி நாடா பிடித்து அளப்பதும் எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. அதனால்தான் புல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “நல்லதாப் போச்சு” என்றாள். அடுத்த ரொட்டியைத் தட்டத் தொடங்கினாள். “அடுத்த தோட்டத்து ஆளுங்களுக்கும் காகிதம் இல்லதான? அவங்களுத மட்டும் ஏன் லீக்ஸுன்னு போட்டீங்க?” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, பாடசாலை மண்டபத்தில் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். மரக்கறி நெருக்கமாக இருக்கும் இடம் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், தேயிலையும் புல்லும் மட்டும் இருக்கும் இடம் பச்சை. எங்கள் லயம் குளுகுளு என்று பச்சைக்குள் உட்கார்ந்திருந்தது. பார்த்தவுடன் எனக்கு நிம்மதிதான் வந்தது.

அப்போது மிஸ் பேசினார். அடுத்த மாதம் வைத்திய வேன் வரப்போகிறது. மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். டாக்டரும் கூட வருவார். ஆனால் எல்லா லயத்துக்கும் போக அவர்களால் முடியாது. சிவப்பிலும் மஞ்சளிலும் இருக்கும் லயங்களுக்கு மட்டும். பட்டியலை வாசித்தார். எங்கள் லயம் அதில் இல்லை.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது அண்ணியின் கை. அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது அண்ணி கிளாஸில் பாதிதான் ஊற்றுவார். குடித்து முடித்ததும் மீதிப் பாதி. முழுக் கிளாஸ் கொடுத்தால் அண்ணன் கையில் அது தளும்பி விரலைச் சுடும். ஒரு வருஷமாக அப்படித்தான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கேட்டால் அண்ணன், “குளிருடா” என்பார். மார்ச் மாத வெயிலிலும் குளிர். கண்ணில் தண்ணீர் வடியும். தலைவலி என்று படுப்பார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், “அங்க போயி என்னாத்த சொல்றது? கை ஆடுது, ஊசி போடுங்கன்னா?” என்று வாயை அடைத்துவிடுவார். வேன் வாசலுக்கே வந்தால் ஒருவேளை வருவார். அந்த வேனை நான்தான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் மிஸ்ஸிடம் போனேன்.

“அது புல்லு இல்ல மிஸ். மரக்கறி. ஏழு துண்டு. நான்தான் மாத்திப் போட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். “காரணம் இல்லாம நீங்க செய்ய மாட்டீங்க” என்றார். காகிதம் இல்லாததைச் சொன்னேன். ஜீப்பைச் சொன்னேன். நாடா பிடித்து அளப்பதைக்கூடச் சொன்னேன்.

“தோட்ட ஆபீஸுக்கு நாங்க துண்டு விவரம் கொடுக்க மாட்டோம். ஆள் பேரு எங்கயுமே இல்ல.”

“நீங்க நல்லவங்க மிஸ். ஆனா நீங்க போனப்பறம்? கம்ப்யூட்டர ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான்னா?”

“சரி வாங்க, காட்டுறேன்” என்று மடிக்கணினியைத் திறந்தார். வெளியே போகிற வரைபடம் எது, உள்ளே பூட்டி வைப்பது எது என்று காட்டினார். வெளியே போவதில் துண்டுகளே இல்லை. பெரிய பெரிய கட்டங்கள் மட்டும். ஒரு கட்டத்துக்குள் இரண்டு லயம், கோயில், ஓடை, தேயிலை மலை எல்லாம் அடங்கிவிடும். கட்டம் சிவப்பாகும், அதற்குள் எந்த மூலையில் யார் லீக்ஸ் போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். பெரிதாக்கினார். வெறும் சிவப்பு. இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் சிவப்பு. ஐந்தாவது தடவைதான் விட்டேன்.

“திருத்தலாம் அண்ணா, இன்னும் நேரம் இருக்கு” என்றார். “ஆனா நீங்க மட்டும் முடிவு பண்ணாதீங்க. அந்த ஏழு வீட்டையும் கேட்டுட்டு வாங்க.”

அது எனக்கு வரைபடம் போடுவதைவிடப் பெரிய வேலையாகத் தெரிந்தது. முதலில் அண்ணனிடம் போனேன். ஓடைக்கு மேலே, பீலிக்குத் தண்ணீர் வரும் கான் வாய்க்காலின் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். பீலி என்றால் எங்கள் லயம் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் குழாய். கானில் தண்ணீர் கைக்கெட்டும். டேங்கை நிரப்ப அதுதான் வசதி. நானும் அங்கேதான் கலக்கியிருக்கிறேன்.

“துண்டெல்லாம் படத்துல போடணும்ணே. போட்டாத்தான் டாக்டர் வேன் நம்ம லயத்துக்கு வரும்.”

“எந்தத் துண்ட?”

“நம்ம துண்ட. எல்லாத்தையும்.”

அண்ணன் குச்சியால் கிண்டுவதை நிறுத்தினார். “ஏன்டா, இருக்குற ஒரு நெலத்தையும் நீயே காட்டிக் குடுக்கப் போறியா? மழ பெஞ்சா ஒனக்குப் பயம், பெய்யலன்னாலும் பயம். இதுக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு தைரியம்?”

“ஒங்க கையப் பாத்துத்தான் வந்துச்சு” என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வந்துவிட்டது.

அவர் கையைப் பார்த்தார். குச்சி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்தார். “என்னோடத மட்டும் போட்டா நான் மட்டும் மாட்டுவேன். ஏழு பேரும் சரின்னா எனக்கும் சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது. வேலைக்கு ஆள் எண்ண மாட்டார்கள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பீலியடியில் ஏழு வீட்டாரும் கூடினோம். எங்கள் லயத்தில் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து பல வருஷத்துக்கு முன்பே அதை விட்டுவிட்டார். பட்டம் மட்டும் அவரை விடவில்லை. அவருக்குத்தான் சரிவிலேயே பெரிய துண்டு. நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார்.

“எனக்கு ஒரு சந்தேகம். மொதல்ல புல்லுன்னு போட்டது யாரு?”

“நான்தான் தலைவரே.”

“அப்ப புல்லுலேருந்து லீக்ஸு மொளைச்சிருச்சுன்னு எழுதப் போறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டரில் பார்த்த கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தரையில் குச்சியால் கட்டம் போட்டு, இதற்குள் லயம், இதற்குள் கோயில், இதற்குள் சரிவு என்று காட்டினேன். “இந்த முழுக் கட்டமும் சிவப்பாயிரும். அதுல தலைவர் நெலத்த யாராவது கண்டுபிடிச்சுட்டா, என் நெலத்த நான் அவருக்கே எழுதிக் குடுக்குறேன்.”

“காகிதமே இல்லாத நெலத்த எதுலய்யா எழுதுவ?” என்றார் தலைவர்.

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அண்ணி பேசினார். அண்ணி கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “ஒரு வருஷமா நான் அவருக்குப் பாதிக் கிளாஸ்தான் தேத்தண்ணி ஊத்துறேன். ஒங்க எல்லாருக்கும் தெரியும். நெலம் போனா வேற எடத்துல பொதர் வெட்டலாம். இந்த மனுசன் போனா நான் எங்க போயி வெட்டுறது?” என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைவர் என் பக்கம் கையை நீட்டினார். “போடுப்பா. எல்லாத்தையும் போடு. என்னோடதுல நானே நடக்குறேன், அந்தப் போனக் குடு” என்றார்.

அன்றே நடந்தோம். ஒவ்வொருவரும் தன் துண்டை ஓரமாகச் சுற்ற, நான் கூடவே போய்ப் பயிரைக் குறித்தேன். பயிருக்குப் பிறகு போன் இன்னும் சில கேள்விகள் கேட்கும். என்ன மருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, கடைசியில் ‘மருந்து அடிப்பவர் யார்?’ வீட்டுக்காரர், வெளியாள் என்று இரண்டு விடை. தலைவரின் துண்டில் கேட்டேன்.

“ஒங்க அண்ணன்தான்.”

‘வெளியாள்’ என்று அமுக்கினேன். அடுத்த துண்டில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை. “அண்ணன்தான் அடிச்சுக் குடுப்பாரு” என்றார். அடுத்தது, அண்ணன். அடுத்தது, அண்ணன். ஐந்தாவது துண்டிலும் அண்ணன் என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது. ஆறாவது என்னுடையது. எனக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து என் துண்டுக்கும் அடிப்பது அண்ணன்தான். ஏழாவது அவருடையது, எல்லாவற்றிலும் சின்னது.

இது யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. அண்ணன் கை சுத்தம். மருந்து வீணாகாது, ஒரு இலை தப்பாது. அதனால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதிலுக்கு அவர் நிலத்துக்கு எரு சுமந்து கொடுப்பார்கள், மண் அணைத்துக் கொடுப்பார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் செய்துகொள்ளும் உதவி. ஒவ்வொரு வீட்டுக்கும் அது வாரத்தில் ஒரு மணி நேரம். ஏழு வீட்டுக்கும் சேர்த்து அது ஒரே ஆளின் முதுகு. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தும், ஏழு தடவையும் அண்ணன் என்ற ஒரே பதில் வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

தலைவர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாத்துக்குமா?” என்றார். “எல்லாத்துக்கும்” என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மிஸ்ஸை அழைத்து இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, உங்கள் கேள்வி போதாது. வீட்டுக்காரரா, வெளியாளா என்று கேட்டால் ஏழு துண்டில் ஏழு ஆள் மாதிரித் தெரியும். ஒரே ஆள் எத்தனை துண்டுக்கு அடிக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு, மருந்து எங்கே கலக்குகிறார்கள், டேங்கை எங்கே கழுவுகிறார்கள் என்பதையும் படத்தில் போடுங்கள். பயிர் நூறடி தள்ளி இருக்கலாம். டேங்கைக் கழுவுவது பீலிக்கு மேலே. எங்கள் லயத்திலும் அப்படித்தான் என்றேன். நான் இப்படி மூச்சு விடாமல் பேசியது அவருக்கே ஆச்சரியம். “அண்ணா, மெதுவா, எழுதிக்கிறேன்” என்றார். அடுத்த வாரமே இரண்டு கேள்வியும் போனில் வந்துவிட்டது. நானுஓயாப் பக்கம், உடப்புசல்லாவைப் பக்கம் நடந்தவர்களுக்கும் அது போனது.

எங்கள் கட்டம் சிவப்பானது. வேன் வந்தது.

அண்ணன் காலையிலிருந்தே லயத்துக் கோடியில் விறகு பிளந்துகொண்டிருந்தார். “வரிச கொறையட்டும்” என்றார். வரிசை குறைந்தது. “இந்த ஒரு கட்டைய முடிச்சிட்டு” என்றார். கடைசியில் தலைவர் போய் அவர் கையிலிருந்து கோடரியை வாங்கி, “ஏய், எனக்கே குத்திட்டாங்கய்யா. ஊசி நுனிதான். ஒனக்கு என்ன, கழுத்தயா வெட்டப் போறாங்க?” என்று தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார். விரலை நீட்டும்போது அது ஆடியது. நர்ஸ் அதைத் தன் கையால் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு அண்ணியையும் உள்ளே கூப்பிட்டார். நான் வேன் படியில் நின்றேன். மருந்து உடம்பைத் தொட்டிருக்கிறது என்றார் டாக்டர். “நடுக்கம் இதனாலதான்னு நான் இப்பவே சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாறேன், அங்க முழுசாப் பாப்பாங்க. ஆனா இனி நீங்க மருந்தத் தொடக் கூடாது. கலக்கவும் கூடாது, பக்கத்துல நிக்கவும் கூடாது. ரெண்டு மாசத்துல நாங்க திரும்பிப் பாக்குறோம்.”

“அப்ப ஏழு துண்டு?” என்றார் அண்ணன்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. வெளியே நின்ற தலைவருக்குப் புரிந்தது. “அது எங்க வேல. நீ கடிதத்த வாங்கு” என்றார்.

மருந்து கலக்கும் இடத்தை அந்த வாரமே மாற்றினோம். பீலிக்குக் கீழே, ஓடை பாதையைக் கடக்கும் இடத்துக்கும் அப்பால், ஒரு பீப்பாயை வைத்துத் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். கழுவும் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் குழி வெட்டினோம். தூரம்தான். முதல் நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள், என் மனைவி மட்டும், “தேயில மலைக்கு நாங்க எவ்வளவு தூரம் நடக்குறோம்? ஒங்களுக்கு இந்த நாலடி நோகுதா?” என்று ஆண்களை ஒரு பிடி பிடித்தாள். அவரவர் துண்டுக்கு அவரவர் அடிப்பது, முகத்தை மூடிக்கொண்டு அடிப்பது என்று முடிவானது. கொழும்பில் இருப்பவர் வீட்டுக்கும், அண்ணன் துண்டுக்கும், இடுப்பு வலிக்காரன் என் துண்டுக்கும் மட்டும் முறை வைத்துக்கொண்டோம். பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிப்போம் என்று அந்த அக்காதான் சொன்னார். அதுவரை நாங்கள் கிழமையைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் தடவை வேன் வந்தபோது, முன்னைவிடப் பரவாயில்லை என்றார் டாக்டர். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் அண்ணனும் மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்வருகிறார்கள். ஜீப் இதுவரை வரவில்லை. பாதையில் எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் நான் இன்னும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்; பெரும்பாலும் அது பாண் ரொட்டி விற்கும் திரீவீல் ஆட்டோ.

போன வாரம் புதுப் போகத்துக்குப் பயிரைக் குறிக்கச் சரிவுக்குப் போனேன். தலைவர் தன் துண்டில் டேங்க் கட்டியிருந்தார்; இன்னும் கை பழகவில்லை. அவர் அடித்த இடத்தில் பாதி இலை நனையவில்லை. மீதிப் பாதியில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே தார் ரோட்டில், டாக்டர் சொன்னபடி மருந்துக்கு எட்டாத தூரத்தில், அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

“தலைவரே! காத்துக்கு எதிர நிக்காதய்யா! அந்தப் பக்கம் திரும்பு!”

“எந்தப் பக்கம்?”

“ஒன் மூஞ்சில படாத பக்கம்!”

தலைவர் திரும்பினார். தப்பான பக்கம் திரும்பினார். அண்ணன் ரோட்டிலேயே நின்று கையை வீசி வீசிக் கத்திக்கொண்டிருந்தார். சரிவு முழுக்க அவர் குரல் கேட்டது. ஒரு அடிகூடக் கீழே இறங்கவில்லை. காற்று என் பக்கம் திரும்புவதற்குள் நான் போனை எடுத்துக்கொண்டு அடுத்த துண்டுக்கு நகர்ந்து, ஓரமாக நடக்கத் தொடங்கினேன்.